ஆறு வந்த நாளும் வற்றிய நாளும்: வன்னி ஆறுகளுக்குக் குடிமக்கள் அறிவியல் எதற்கு?

மாரி தொடங்கினால் வட இலங்கையின் வன்னியில் சில செய்திகள் வரிசையாக வரும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 36 அடியை நெருங்குகிறது, மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்படலாம், தாழ்நிலத்தில் இருப்போர் அவதானமாக இருக்கவும். பங்குனி, சித்திரை பிறந்ததும் செய்தி மாறும். ஆற்றுப் படுகையில் மணல் அகழ்வு, கிணறுகள் வற்றின, மடுவில் மீன்கள் செத்து மிதந்தன. இவற்றுக்கு நடுவே ஆற்றங்கரையில் சிரமதானம் செய்த இளைஞர்களின் படங்கள். அந்தப் படங்களோடு இப்போது ‘குடிமக்கள் அறிவியல்’ என்ற சொல்லும் சேர்ந்து வருவதால் பலருக்குக் குழப்பம். குப்பை பொறுக்க எதற்கு அறிவியல்? ஊரார் கொப்பியில் எழுதும் கணக்கை யார் மதிப்பார்கள்? இரண்டுமே நியாயமான கேள்விகள். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டு சொற்கள், இரண்டு வேலைகள்

சிரமதானம் நமக்குப் புதிதல்ல. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. ஒரு நாள் கூடி வாய்க்காலைத் துப்புரவு செய்கிறோம், அன்று மாலையே பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

குடிமக்கள் அறிவியல் என்பது, ஆய்வாளர் அல்லாத பொதுமக்கள் ஓர் ஒழுங்கான முறைப்படி அவதானித்து, அளந்து, எழுதி, அந்தத் தரவைப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பது. பெயர் 1990களில்தான் பரவியது, பழக்கம் பழையது. வட அமெரிக்காவில் நத்தார் காலத்தில் பொதுமக்கள் பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பு 1900-ல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. இலங்கையும் அதில் பங்கெடுக்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்யலாம். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய கடற்கரைத் துப்புரவு இயக்கத்தில் தொண்டர்கள் பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து அட்டையில் குறித்தார்கள். அந்த வழக்கம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. குப்பையை மூட்டையில் கட்டி அனுப்பிவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்ற தகவலும் மூட்டையோடு போய்விடும். எத்தனை சொப்பிங் பை, எத்தனை வெற்றுக் களைநாசினிப் போத்தல் என்று எண்ணி எழுதினால், அடுத்த முறை கூட்டம் வைக்க வேண்டியது கடைத்தெருவிலா கமக்காரர் அமைப்பிலா என்பது தெரிந்துவிடும்.

வன்னி ஆறு எப்படிப்பட்ட ஆறு

இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றில் வன்னிக்குரியவை பெரும்பாலும் சிறியவை. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. பேராறு முத்தையன்கட்டுக் குளம் வழியே நந்திக்கடலைச் சேர்கிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே கடலை நோக்கி ஓடுகின்றன. அருவியாறு மட்டும் வேறு மாதிரி. மல்வத்து ஓயா என்ற பெயரில் அனுராதபுரம் வழியாக வரும் அது 164 கிலோமீற்றர் நீளம், இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. தேக்கம் அணைக்கட்டில் அதை மறித்துத்தான் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் எடுக்கிறார்கள்.

இவற்றுக்குப் பொதுவான இரண்டு குணங்கள் உண்டு.

1. வருடம் முழுவதும் ஓடுவதில்லை. வன்னி உலர் வலயம். அதாவது ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் ஆறு மடுக்களாகச் சுருங்கி, பிறகு வெறும் மணலாகக் கிடக்கும்.

2. குளங்களோடு கோக்கப்பட்டவை. மேற்குளத்தின் வான் பாய்ந்தால்தான் கீழே ஆறு. ஆகவே கீழே ஓடும் நீர் மழையை மட்டும் பொறுத்ததல்ல, துருசும் (குளத்து மதகு) வான்கதவும் எப்போது திறக்கப்படுகின்றன என்பதையும் பொறுத்தது.

காய்ந்த ஆறு என்றால் செத்த ஆறு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. 2021-ல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஒரு கணிப்பின்படி, உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 வீதம் வரை ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நிற்பவை. வன்னி ஆறு விதிவிலக்கில்லை. ஆனால் ஆறுகளை அளக்கும் முறைகளில் பல வற்றாத ஆறுகளுக்காகவே எழுதப்பட்டவை. அதோடு போர்க்காலத்தில் வடக்கின் பல இடங்களில் மழை, நீர்மட்டப் பதிவுகள் அறுந்துபோயின. ‘முந்தி இந்த ஆறு சித்திரை வரைக்கும் ஓடும்’ என்று ஒரு முதியவர் சொல்லும்போது, அவர் சொல்வதைச் சரிபார்க்க எழுத்தில் எதுவுமே இல்லாத நிலை பல ஊர்களில் இருக்கிறது. என் பார்வையில் வன்னியின் ஆற்றுத் தொண்டர்கள் நிரப்ப வேண்டிய முதல் இடைவெளி இதுதான்.

எதை அளக்கலாம்

விலையுயர்ந்த கருவி வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எளிதானதிலிருந்து தொடங்கலாம்.

1. ஆற்றின் நிலை. சூரிச் பல்கலைக்கழகம் நடத்தும் ‘கிரவுட்வாட்டர்’ திட்டம், விட்டுவிட்டு ஓடும் ஓடைகளை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது: காய்ந்த படுகை, ஈரப் படுகை, தனித்தனி மடுக்கள், அசையாமல் தேங்கிய நீர், கசிந்து ஓடும் நீர், ஓடும் நீர். ஒரே பாலத்தில் நின்று, வாரம் ஒரு முறை, ஒரே கோணத்தில் படம் எடுத்து இந்த நிலைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். ‘இன்று ஆறு காய்ந்து கிடக்கிறது’ என்பதும் முழுமையான தரவுதான். ஒன்றும் இல்லை என்று எழுதாமல் விட்டால், பிறகு பார்ப்பவருக்கு ஆறு காய்ந்திருந்ததா, அல்லது எழுதுபவர் போகவில்லையா என்பது தெரியாது.

2. மழை. நேர்ப்பக்கமுள்ள மழைமானி ஒன்று. தினமும் காலை 8.30-க்கு அளவு. வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்திலேயே 24 மணி நேர மழையைக் கணக்கிடுவதால் ஒப்பிட வசதி. ஒரு சதுர கிலோமீற்றரில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது 2.5 கோடி லீற்றர் நீர். அதில் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்பது மண் ஏற்கெனவே எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

3. நீரோட்டம். இதற்கு ஒரு தோடம்பழம் போதும். அது முக்கால்வாசி அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. முழங்காலளவு நீரில், 10 மீற்றர் நேரான பகுதியைக் குறித்து, பழம் கடக்கும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். 20 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். ஆறு 6 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 0.4 மீற்றர் என்றால் 6 × 0.4 × 0.5 = 1.2 கனமீற்றர். மேற்பரப்பு நீர் அடிநீரை விட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். விடை செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 லீற்றர். அதே ஓட்டம் ஒரு நாள் முழுக்க நீடித்தால் சுமார் 70 ஏக்கர் அடி, அதாவது 70 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர். ஏக்கர் அடி என்றதும் எந்தக் கமக்காரருக்கும் கணக்குப் புரிந்துவிடும்.

4. தெளிவு. வட்டத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது மறையும் ஆழத்தை அளக்கும் முறை 1865-ல் இத்தாலியரான செக்கி கையாண்டது. அவருடையது வெள்ளைத் தட்டு, இன்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் தட்டு. குளத்துக்கும் ஆழமான மடுவுக்கும் இது பொருந்தும்.

5. உயிரினங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்களை வைத்து ஆற்றுக்குப் புள்ளி போடும் முறைகள் பல நாடுகளில் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் ‘மினிசாஸ்’ முறையில் 13 வகைக் கூட்டங்களை அடையாளம் கண்டால் போதும். ஆனால் இப்படியான முறைகள் கல்லும் வேகமான ஓட்டமும் கொண்ட ஓடைகளை மனதில் வைத்தவை. மணற்படுகையும் சூடான மடுக்களும் உள்ள வன்னியில் அதே அட்டவணையைப் போட்டுவிட்டு, சில பூச்சிகள் இல்லை, ஆகவே ஆறு மாசடைந்துவிட்டது என்றால் அது பிழையான முடிவு. இங்கே ஓர் ஆற்றை வேறு நாட்டு ஆற்றோடு ஒப்பிடாமல், அதே ஆற்றின் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதே சரி.

மழையை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1997 ஜூலையில் அமெரிக்காவின் போர்ட் கொலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் ஓரடிக்கு மேல் மழை கொட்டியது. அதே நகரின் மற்றப் பகுதிகளில் சாதாரண மழைதான். வெள்ளம் வந்த பிறகே வித்தியாசம் தெரிந்தது. அதன் விளைவாக 1998-ல் வீட்டு முற்றங்களில் மழைமானி வைக்கும் தொண்டர் வலையமைப்பு பிறந்து, பிறகு நாடு முழுவதும் பரவியது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, இரணைமடு வான்கதவுகள் திறந்த நேரம் பற்றிய சர்ச்சை விசாரணைவரை போனது. அந்தச் சர்ச்சையில் யார் சரி என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. கனகராயன் ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்களில் இருபது முற்றங்களில் மழைமானி இருந்து, அளவுகள் அன்றே கைபேசியில் கீழே வந்து சேர்ந்தால், குளத்தைப் பார்ப்பவர்களுக்கும் அணைக்குக் கீழே இருக்கும் குடும்பங்களுக்கும் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

மீன் செத்தால் நஞ்சுதானா?

வறட்சியில் மடு ஒன்றில் மீன் மிதந்தால், யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு உடனே எழும். சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணம் உண்டு. 30 பாகை சூடான நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக இந்த அளவு குறையும். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும். பாசி மண்டிய மடுவில் பகலில் பாசி ஒட்சிசனை வெளியிடும், இரவில் அதுவும் சுவாசித்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். எனவே விடியற்காலையில்தான் ஒட்சிசன் மிகக் குறைவு. காலை பத்து மணிக்கு வந்து அளந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

அதனால் மீன் இறப்பைக் கண்டால் எழுத வேண்டியவை: கண்ட நேரம், நீரின் நிறம், வெப்பநிலை, பெரிய மீன்கள் இறந்தனவா சிறியவையா, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினவா, இறாலும் பூச்சிகளும் உயிரோடு உள்ளனவா. ஒட்சிசன் குறைவில் பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் சாகும். பூச்சிகள், இறால்கள் உட்பட எல்லாமே ஒன்றாக மடிந்திருந்தால் இரசாயனச் சந்தேகம் வலுக்கும். உறுதியான பதில் ஆய்வுகூடத்தில்தான் கிடைக்கும். ஆனால் ஆய்வுகூடத்துக்கு மாதிரி போகும் முன்பே ஆதாரம் வெயிலில் அழுகிவிடும். அந்த முதல் மணி நேரத்தில் அங்கே நிற்பவர் ஊரார் மட்டும்தான்.

மணல்: எண்ணாமல் போகும் நீர்

வன்னி ஆறுகளுக்கு நடக்கும் பெரிய சேதம் குப்பையால் அல்ல, மணல் அகழ்வால். காய்ந்த மணற்படுகை பார்வைக்குத்தான் காய்ந்தது. மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடைவெளி. மாரியில் அந்த இடைவெளி நீரால் நிரம்பி, வெயில் படாமல் உள்ளே தங்கி, கரையோரக் கிணறுகளைக் கோடையில் தாங்குகிறது. ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.8 கனமீற்றர். இடைவெளியை 30 வீதம் என்று வைத்தால், ஒரு கியூப் மணலோடு ஏறத்தாழ 850 லீற்றர் நீர் தங்கும் இடம் போய்விடுகிறது. ஓர் இரவில் எத்தனை டிப்பர் போகிறது என்று ஊராருக்குத் தெரியும். மிச்சக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளலாம்.

மாரி வெள்ளம் மணலைத் திரும்பக் கொண்டுவரும் என்பது பாதி உண்மை. மேலே பெரிய குளம் இருந்தால் வரும் மணலின் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடும். படுகை தாழ்ந்தால் அருகிலுள்ள நிலத்தடி நீரும் அதை நோக்கி வடிந்து தாழும், கரையிலுள்ள மருதமரத்தின் வேர் வெளியே தெரியும். முகத்துவாரத்துக்கு அருகே என்றால் உவர்நீர் உள்ளே ஏற வழி கிடைக்கும்.

இதை அளப்பது கடினமில்லை. இரு கரையிலும் மாறாத இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய மருதமரமோ சீமெந்துக் கல்லோ. இடையில் கயிற்றை மட்டமாக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மீற்றருக்கும் கயிற்றிலிருந்து படுகை எவ்வளவு கீழே என்று அளந்து எழுதுங்கள். மாரிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. பாலத்தூண்களுக்கு அருகே வெள்ளமே குழி பறிப்பதால் அங்கிருந்து தள்ளிச் செய்வது நல்லது. மூன்று ஆண்டுகளில் கையில் இருப்பது ஆற்றின் குறுக்குவெட்டு வரைபடம்.

மணல் அகழ்வுக்கான அனுமதி 1992-ம் ஆண்டின் 33-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் கொடுப்பது. எது அனுமதி பெற்றது, எது கள்ளமாக நடப்பது என்று தொண்டர் தீர்ப்புச் சொல்லப் போகத் தேவையில்லை. படுகை எவ்வளவு தாழ்ந்தது என்ற எண் மட்டும் போதும். டிப்பரை மறிப்பது, இரவில் போய்ப் படம் எடுப்பது போன்றவை உயிராபத்தானவை. அவற்றைத் தொண்டு என்ற பெயரில் இளைஞர்களிடம் யாரும் கேட்கக்கூடாது.

எழுதியது எப்போது தரவாகும்

‘ஆறு நாசமாய்ப் போச்சு’ என்பது உண்மையான வேதனை. ஆனால் அதைத் தரவாக ஏற்க முடியாது. திகதி, நேரம், இடம், பயன்படுத்திய முறை, எழுதியவர் யார் என்ற ஐந்தும் இருந்தால்தான் ஓர் அளவு பிறருக்குப் பயன்படும். மற்றவை மூன்று பழக்கங்கள்.

1. கண்டதையும் ஊகித்ததையும் வேறு வேறு நிரலில் எழுதுவது. ‘நீர் பழுப்பு’ என்பது கண்டது. ‘மேலே மண் வெட்டுகிறார்கள்’ என்பது நேரில் பார்க்காதவரை ஊகம்.

2. பிரச்சினை வந்த நாளில் மட்டும் போகாமல், குறித்த நாளில் போவது. மீன் செத்தபோது மட்டும் அளந்தால், ஆண்டு முழுக்க ஆறு கெட்டுக் கிடந்தது போலக் கொப்பி காட்டும்.

3. இரண்டு இடங்களை வைத்திருப்பது. சந்தேகத்துக்குரிய இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே மட்டும் அளந்தால் காரணம் எதுவென்று சொல்லவே முடியாது.

இதற்கொரு எல்லையும் உண்டு. கடையில் வாங்கும் சோதனைப் பட்டியை நீரில் தோய்த்து அது குடிக்க உகந்தது என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. வவுனியா உட்பட சில மாவட்டங்களில் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. அதற்கு நீரின் வன்தன்மை, புளோரைட்டு எனப் பல சந்தேகங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இந்த விடயத்தில் அவசரப்பட்டு அறிவித்தால் வீண் பயமோ, பொய்யான நிம்மதியோதான் மிஞ்சும்.

கொப்பியை எங்கே கொண்டுபோவது

முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு. நீர் பங்கிடுவது பற்றிப் பேசும் இடத்தில் ஊரின் மழைக் கணக்கு இருந்தால் பேச்சின் தரமே மாறும். பறவைகள் என்றால் ‘ஈபேர்ட்’ போன்ற திறந்த தளங்களில் பதியலாம். 2010-ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலையும், 1938-ல் சரணாலயமாகி 2015-ல் தேசிய பூங்காவான சுண்டிக்குளமும் வன்னிக் கரையில் இருக்க, பதிவுகளுக்குப் பஞ்சம் வரக்கூடாது.

அரச அலுவலகங்களிடம் இருக்கும் அளவுகளைக் கேட்டுப் பெறவும் வழி உண்டு. 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். குளத்தின் தினசரி நீர்மட்டம், மணல் அனுமதிப் பத்திரங்களின் விபரம் ஆகியவற்றைக் கேட்டு, ஊர்க் கொப்பியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் கொப்பிக்கு மதிப்பு வரும். ஒத்துப்போகாத இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி கிடைக்கும்.

இறங்கும் முன்

வன்னியில் சில பகுதிகளில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்துப் பழையவற்றை வெளியே கொண்டுவரலாம். ஆகவே ஊரார் தினமும் நடக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம், தெரியாத உலோகப் பொருளைத் தொட வேண்டாம். மடுக்களிலும் குளங்களிலும் முதலை உண்டு. மாரிக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதால் காலில் காயத்தோடு இறங்கக் கூடாது, இறங்கிய பின் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் ஆற்றில் நின்றதைச் சொல்ல வேண்டும். வெள்ளத்தின்போது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும். தனியே போவது எந்தக் காலத்திலும் கூடாது.

பாலங்களே தொடங்க நல்ல இடங்கள். ஏ9 வீதியிலும் மன்னார் – பூநகரி வீதியிலும் பாலியாறு, பறங்கியாறு உட்பட ஆறுகளைக் கடக்கும் பாலங்கள் இருக்கின்றன. பேருந்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளையே வாரம் ஒரு முறை ஆற்றின் நிலையைக் குறிக்கலாம். கொப்பி ஒருவர் வீட்டில் இருக்காமல் சனசமூக நிலையத்தில் இருக்கட்டும். எழுதுபவர் வெளிநாடு போவார், மணம் முடித்துப் போவார், கொப்பி போகக்கூடாது. முதல் பக்கத்தில் எழுத இரண்டு திகதிகள் போதும். முதல் மழைக்குப் பின் ‘ஆறு வந்திட்டுது’ என்று ஊர் சொன்ன நாள். கடைசி மடுவும் வற்றிய நாள்.